சர்க்கரையின் உருவம் காணப்பட்ட வரலாறு

அடுப்பின்மேல் பானையில் மரவள்ளிக் கிழங்கு வேகிறது. அடுப்பினுள் ரப்பர் விறகு எரிகிறது. பானையில் இருப்பது உணவு. அடுப்பில் இருப்பது உணவன்று. இதைச் சொல்ல விஞ்ஞானி ஒருவர் வேண்டியதில்லை. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் அரிசி வரத்துக் குன்றி, மலாயாவின் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் மக்கள் கிழங்கையே நம்பிக் காலந்தள்ளினர். கிழங்கு கிட்டாத நாளில் விறகைத் தின்று பார்ப்போமே என்று எவருக்கும் தோன்றியதில்லை.

ஆயினும் இரசாயன நூலார் கூறுவது வியப்புக்குரியது. கிழங்கின் மாவு முழுவதும் ஒரு சர்க்கரையால் ஆனது. விறகின் நாரில் பெரும்பகுதியும் அதே சர்க்கரையால் ஆனது. அதன் பெயர் குளூக்கோஸ். நோயாளிக்கு நரம்பின் வழியே ஏற்றப்படும் குளூக்கோஸ் எதுவோ, அதுவேதான் கிழங்கிலும், கட்டையிலும், பருத்திச் சட்டையிலும், இந்தக் கட்டுரை அச்சாகும் காகிதத்திலும் உள்ளது. அங்ஙனமாயின் ஒன்று பசியைத் தீர்ப்பதும் மற்றொன்று தீர்க்காததும் ஏன்? பொருள் ஒன்றாயிருக்க, பயன் வேறாவது எதனால்? இந்தக் கேள்விக்கு விடை காண மனிதருக்கு ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகள் பிடித்தன. அந்த விடைக்காகத் தம் உடல்நலத்தையே கொடுத்த ஒருவரும் அவ்வரலாற்றில் உண்டு.

கிழங்கிலும் கந்தையிலும் ஒரே இனிப்பு

கரும்பு நமக்குப் பழைய உறவு. அதியமானின் முன்னோர் கரும்பைக் கொணர்ந்து பயிரிட்டனர் என்பது புறநானூறு தரும் செய்தி. சர்க்கரை என்னும் சொல்லும் வடமொழியிலிருந்து அரபுக்குச் சென்று, அங்கிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குப் பரவியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இன்றைய செபராங் பிறையில் வெள்ளையர் நடத்திய கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தவர்களில் தமிழர் மிகப் பலர். ரப்பருக்கு முன்பே நம்மவரைக் கடல் கடத்தியது கரும்பு.

ஐரோப்பியருக்கோ பதினெட்டாம் நூற்றாண்டில் சீனி என்பது கடல் கடந்து வரும் பண்டம். மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளின் வியர்வையில் விளைந்தது. 1747-ம் ஆண்டில் பெர்லின் நகரில் மார்க்கிராஃப் என்னும் இரசாயன அறிஞர் பீட் கிழங்கை உலர்த்திப் பொடித்துச் சாராயத்தில் கொதிக்க வைத்து வடித்தார். சில வாரங்களில் பளிங்குத் துணுக்குகள் தோன்றின. அவற்றைப் பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்து நோக்கியபோது, அவை கரும்புச் சீனியின் பளிங்குகளிலிருந்து எவ்வகையிலும் வேறுபடவில்லை. சீனி கரும்பின் தனிச் சொத்தன்று என்பது அன்று தெரியவந்தது. அவருடைய மாணவர் ஆஹார்டு 1801-ல் சைலீசியாவில் முதல் பீட் சீனி ஆலையை நிறுவினார். 1806-ல் நெப்போலியன் ஆங்கிலேயரின் வாணிகத்தைத் தடுத்ததும் ஐரோப்பாவில் சீனிக்குப் பஞ்சம் வந்தது. பீட் கிழங்குக்கு யோகம் அடித்தது.

அக்காலத்தில், 1811-ல், ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகரில் கிர்க்காஃப் என்பவர் மாவை நீரில் கரைத்துச் சிறிது கந்தக அமிலம் விட்டுக் கொதிக்க வைத்தார். மாவுக்கஞ்சி இனிப்புப் பாகாயிற்று. அமிலமோ விட்டபடியே குறையாமல் இருந்தது. எட்டு ஆண்டுகள் கழித்துப் பிரான்சில் பிராக்கோனோ என்பவர் இதனினும் துணிந்த காரியம் செய்தார். அவர் எடுத்துக்கொண்டது மாவன்று. பழைய துணியும் மரத்தூளும். அவற்றை வலிய கந்தக அமிலத்தில் ஊறவைத்துப் பின்னர் நீர் சேர்த்துக் கொதிக்க வைத்தார். கந்தைத் துணியிலிருந்து சர்க்கரை வந்தது! இதற்கிடையே 1815-ல் ஷெவ்ரூல் என்னும் பிரெஞ்சுக்காரர், நீரிழிவு நோயாளரின் சிறுநீரிலுள்ள இனிப்பு திராட்சையின் இனிப்பே என்று காட்டியிருந்தார். திராட்சை, தேன், மாவு, துணி, நோயாளியின் சிறுநீர் ஆகிய எல்லாவற்றிலும் ஒரே பொருள் தலைகாட்டிற்று. 1838-ல் அதற்குக் கிரேக்க மொழியிலிருந்து குளூக்கோஸ் என்று பெயர் சூட்டப்பட்டது. அதே ஆண்டில் பாயென் என்பவர், செடிகொடிகளின் உயிரணுச் சுவர் யாவும் ஒரே பொருளால் ஆனது என்றும், அதன் கூட்டு மாவின் கூட்டையே ஒத்தது என்றும் நிறுவினார். அதுவே செல்லுலோஸ்.

கணக்கு ஒன்று, குணம் பல

ஒரு பொருளில் எந்த மூலகம் எவ்வளவு இருக்கிறது என்று எடை போட்டுச் சொல்லும் கலை அப்போது நன்கு வளர்ந்திருந்தது. சர்க்கரையையும் மாவையும் நாரையும் பகுத்தவர்கள், கரியுடன் ஹைட்ரஜனும் பிராணவாயுவும் இருப்பதைக் கண்டனர். பின்னவை இரண்டும் நீரில் இருப்பது போலவே இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருந்தன. கரியும் நீரும் சேர்ந்தது என்னும் பொருளில் 1844-ல் கார்ல் ஷ்மித் என்பவர் இவ்வினத்துக்குக் கார்போஹைட்ரேட் என்ற பெயரை வழங்கினார். பள்ளிப் புத்தகங்களில் மாச்சத்து என்று வருவது இதுவே. சீனியின்மேல் வலிய கந்தக அமிலத்தை ஊற்றினால் அது கருத்துப் பொங்கிக் கரியாக நிற்பதைப் பார்த்தவர்கள் இப்பெயர் பொருத்தமே என்பர். உண்மையில் சர்க்கரைக்குள் நீர் நீராக இருப்பதில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இங்குதான் சிக்கல் எழுந்தது. குளூக்கோஸின் ஒரு மூலக்கூறில் கரி அணு 6, ஹைட்ரஜன் அணு 12, பிராணவாயு அணு 6. பழத்திலும் தேனிலும் உள்ள ஃபிரக்டோஸ் என்னும் சர்க்கரையிலும் இதே 6, 12, 6. பாற்சர்க்கரையை உடைத்தால் கிடைக்கும் காலக்டோஸிலும் அதே கணக்கு. ஆனால் இவற்றின் இனிப்பு ஒன்றல்ல. கரையும் அளவு ஒன்றல்ல. உடலில் இவை செல்லும் வழியும் ஒன்றல்ல. எடைக் கணக்கு மட்டும் தெரிந்தவன், ஒரு வீட்டில் எத்தனை செங்கல், எத்தனை பலகை என்று எண்ணிவிட்டு வீட்டை அறிந்ததாகச் சொல்பவனுக்கு ஒப்பாவான்.

1874-ல் இருபத்திரண்டு வயதான வான்ட் ஹாஃப் என்னும் டச்சு இளைஞரும், லெ பெல் என்னும் பிரெஞ்சுக்காரரும் தனித்தனியே ஒரு கருத்தை வெளியிட்டனர். கரி அணுவின் நான்கு கைகள் தாளில் வரைவது போல் ஒரே தளத்தில் நீட்டியிருப்பவை அல்ல. நான்கு மூலைகளை நோக்கி வெளியில் விரிந்திருப்பவை. ஆகவே நான்கு கைகளிலும் வெவ்வேறு பொருளைப் பற்றியிருக்கும் கரி அணு இரு விதமாக அமையலாம்: வலக்கையும் இடக்கையும் போல. வான்ட் ஹாஃப் அப்போது வேலை தேடிக்கொண்டிருந்தவர்; பின்னர் ஊட்ரெக்ட் நகரின் கால்நடை மருத்துவப் பள்ளியில் அமர்ந்தார். கோல்பே என்னும் பெரும் பேராசிரியர் இதைச் சுட்டி, கால்நடைப் பள்ளிக்காரர் கற்பனைக் குதிரை ஏறிவிட்டார் என்று அச்சில் ஏளனம் செய்தார். ஏளனத்துக்கு ஆளானவருக்கே 1901-ல் இரசாயனத்துக்கான முதல் நோபெல் பரிசு கிடைத்தது என்பதை மறக்கலாகாது.

இக்கருத்தைச் சர்க்கரைக்குப் பொருத்தினால் என்ன ஆகும்? குளூக்கோஸில் உள்ள ஆறு கரி அணுக்களில் நான்கு இத்தகையவை. ஒவ்வொன்றும் வலமாகவோ இடமாகவோ அமையலாம். இரண்டை நான்கு முறை பெருக்கினால் பதினாறு. ஒரே கணக்குடைய பதினாறு சர்க்கரைகள் இருக்க முடியும். குளூக்கோஸ் அவற்றில் ஒன்று. எந்த ஒன்று? அணுவைக் கண்ணால் காணும் கருவி எதுவும் அன்று இல்லை.

எமில் ஃபிஷர்

இவ்வேலையைத் தலைமேற்கொண்டவர் எமில் ஃபிஷர். 1852-ம் ஆண்டு ஜெர்மனியின் ரைன்லாந்துப் பகுதியில் வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். தந்தைக்கு மகனை மரவணிகத்தில் புகுத்தவே விருப்பம். சில காலம் கடையில் வைத்துப் பார்த்துவிட்டு, வணிகத்துக்கு வேண்டிய மூளை இவனுக்கு இல்லை, படிக்கப் போகட்டும் என்று அவர் விட்டுவிட்டதாகச் சொல்வர். பிள்ளைகளை இப்படி எடைபோட்டுப் பேசுவதில் எந்நாட்டுத் தந்தையரும் ஒரே வர்க்கந்தான்.

1875-ல், ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஆசிரியர் பேயரின் ஆய்வுச்சாலையில் இருந்தபோது, ஃபிஷர் ஃபினைல்ஹைட்ரசின் என்னும் புதுத் திரவத்தைக் கண்டார். அதன் பெரும்பயன் ஒன்பதாண்டுகள் கழித்தே விளங்கிற்று. சர்க்கரைகளை ஆராய்ந்தவர்களுக்கு இருந்த பெருந்தொல்லை பாகு. வெல்லம் காய்ச்சுவோர் அறிவர்: பக்குவம் தப்பினால் பாகு பாகாகவே நிற்கும், மணியாக உறையாது. ஆய்வுச்சாலையிலும் அதே கதை. உறையாத பாகில் ஒரு சர்க்கரை உள்ளதா, மூன்று உள்ளனவா என்று பிரித்தறிய வழியில்லை. 1884-ல் ஃபிஷர் தம் திரவத்தைச் சர்க்கரைக் கரைசலில் இட்டுச் சூடாக்கியபோது, அழகிய மஞ்சள் நிறப் பளிங்குகள் உறைந்தன. பளிங்கின் வடிவமும் அது உருகும் வெப்பமும் சர்க்கரைக்குச் சர்க்கரை வேறுபட்டன. பாகின் முகத்திரை விலகிற்று.

ஒரு விந்தையும் தெரிந்தது. குளூக்கோஸ், ஃபிரக்டோஸ், அவரே கண்டெடுத்த மான்னோஸ் ஆகிய மூன்றும் ஒரே மஞ்சள் பளிங்கைத் தந்தன. அத்திரவம் சர்க்கரைச் சங்கிலியின் முதல் இரு கரி அணுக்களை மட்டுமே தொட்டு மாற்றுவது. ஆகவே அவ்விரண்டு நீங்கலாக மற்ற நான்கிலும் இம்மூன்று சர்க்கரைகளும் ஒன்றே என்பது துணிபு. கில்லியானி என்னும் மற்றோர் அறிஞர் சங்கிலியின் தலையில் இன்னொரு கரி அணுவைச் சேர்த்து நீட்டும் வழியைக் காட்டியிருந்தார். அதைக் கொண்டு ஃபிஷர் ஐந்து கரியுள்ள சர்க்கரையை ஆறாக்கினார், ஆறை ஏழாக்கினார். 1890-ல் கிளிசரினிலிருந்து தொடங்கிக் குளூக்கோஸையே ஆய்வுச்சாலையில் ஆக்கிக் காட்டினார். செடி செய்வதை மனிதன் செய்தான். ஆயினும் தாம் ஆக்கியதன் உருவம் யாது என்பது அவருக்கே இன்னும் தெரியாது.

1891-ம் ஆண்டு வசந்தத்தில் ஃபிஷர் இத்தாலியின் பொர்டிகேரா என்னும் கடற்கரை ஊரில் ஓய்வுக்காகத் தங்கியிருந்தார். ஐந்து கரிச் சர்க்கரைகளை அமிலமாக மாற்றி, அவ்வமிலங்கள் ஒளியைத் திருப்புகின்றனவா இல்லையா என்று பார்த்தால் புதிர் அவிழும் என்ற எண்ணம் அங்கே தோன்றிற்று. ஆனால் அத்தகைய அமிலங்கள் எத்தனை இருக்க முடியும் என்பது மனத்துக்குள் சுற்றிச் சுற்றிக் குழம்பியது. உடனிருந்த ஆசிரியர் பேயரிடம் கேட்டார். பேயர் ஊக்கத்தோடு ரொட்டித் துணுக்குகளை உருட்டி அணுவாக்கி, பல்குத்தும் குச்சிகளைச் செருகிக் கைகளாக்கி, உருவங்களைச் செய்து பார்த்தார். பலமுறை முயன்றும் கூடிவரவில்லை. மிகக் கடினம் என்று கைவிட்டார். ஊர் திரும்பி, வூர்ட்ஸ்பர்க்கில் நல்ல மாதிரி உருவங்களை வைத்து நெடுநேரம் உற்றுநோக்கிய பிறகே தமக்கு விடை கிட்டியது என்று ஃபிஷர் தம் வரலாற்றில் குறித்துள்ளார்.

இந்நிகழ்ச்சியில் ஒரு வேடிக்கை உண்டு. ரொட்டித் துணுக்கு மாவுச்சத்து. பல்குத்தும் குச்சி செல்லுலோஸ். இரண்டும் குளூக்கோஸால் ஆனவை. தேடிய பொருளையே கையில் பிடித்து உருட்டிக்கொண்டு, அதன் உருவம் யாது என்று இரு பேரறிஞர்கள் விழித்திருந்தனர்!

விடையின் சாரத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். விகடகவி என்னும் சொல்லைப் பின்னிருந்து படித்தாலும் விகடகவியே. தாரா என்பதைப் பின்னிருந்து படித்தால் ராதா என்று வேறு பெயராகிறது. குளூக்கோஸுக்கும் மான்னோஸுக்கும் உரிய உருவங்கள் இரண்டே என்ற அளவுக்கு ஃபிஷர் வந்துவிட்டார். எது எதற்குரியது என்பதே மிச்சம். அவ்விரண்டில் ஒன்று விகடகவியைப் போன்றது: தலையையும் வாலையும் மாற்றி வைத்தாலும் அதே சர்க்கரை. மற்றொன்று தாராவைப் போன்றது: மாற்றினால் வேறு சர்க்கரை. ஃபிஷர் குளூக்கோஸின் இரு முனைகளையும் அமிலமாக்கி, பின் எதிர்முனையிலிருந்து சர்க்கரையாக்கினார். கிடைத்தது உலகம் அதுவரை அறியாத புதுச் சர்க்கரை. குளூக்கோஸின் எழுத்துகளையே இடம் மாற்றி அதற்குக் குலோஸ் என்று பெயரிட்டார். ஆகவே குளூக்கோஸ் தாரா, மான்னோஸ் விகடகவி. எந்தக் கருவியாலும் காணாத உருவத்தை வெறும் தருக்கத்தால் நிலைநாட்டிய இச்செயலுக்கு நிகராக இரசாயன வரலாற்றில் மிகச் சிலவே உள்ளன.

பூட்டும் சாவியும்

உருவம் தெரிந்தபின் அதன் பயன் என்ன என்று ஃபிஷர் ஆராயலானார். குளூக்கோஸுடன் வேறொரு சிறு பகுதியைப் பிணைத்து இரு பொருள்களை ஆக்கினார். இரண்டிலும் எல்லாம் ஒன்றே. அச்சிறு பகுதி ஒட்டியிருக்கும் திசை மட்டும் வேறு. ஒன்றில் கீழ்நோக்கி, மற்றொன்றில் மேல்நோக்கி என்று வைத்துக்கொள்ளலாம். காடியில் கிடைக்கும் நொதிப்பொருள் முதலாவதை மட்டும் உடைத்தது. இரண்டாவதைத் தீண்டவே இல்லை. வாதுமைப் பருப்பின் நொதிப்பொருள் இரண்டாவதை மட்டும் உடைத்தது, முதலாவதைத் தீண்டவில்லை. நொதிப்பொருளும் அது வேலை செய்யும் பொருளும் பூட்டும் சாவியும் போலப் பொருந்த வேண்டும் என்று 1894-ல் அவர் எழுதினார். உடலில் நடக்கும் எண்ணிறந்த மாற்றங்களை விளக்கவும், புது மருந்துகளை வகுக்கவும் அறிஞர்கள் நெடுங்காலம் கையாண்ட உவமை இது.

நம் மரவள்ளிக்கும் இப்பூட்டுக்கும் தொடர்பு உண்டு. கசப்பு மரவள்ளியில் குளூக்கோஸுடன் பிணைந்த ஒரு பொருள் ஒளிந்துள்ளது. அதற்குரிய நொதி கிழங்கின் வேறோர் அறையில் இருக்கிறது. கிழங்கைத் துருவும்போதும் நசுக்கும்போதும் இரண்டும் சந்திக்க, பிணைப்பு அறுந்து கொடிய சயனைடு நஞ்சு வெளிப்படும். துருவி, ஊறவைத்து, பிழிந்து, உலர்த்தி அல்லது வேகவைத்து அந்நஞ்சைப் போக்கும் முறைகளை இரசாயனம் அறியாத தாய்மார்கள் கைவழக்கமாகவே அறிந்திருந்தனர். சரியாகப் போக்காத கிழங்கினால் உயிரிழந்தோரும் உலகில் பல இடங்களில் உண்டு.

ஃபிஷரின் சித்திரத்தில் ஒரு திருத்தம் வேண்டியிருந்தது. அவர் குளூக்கோஸை நீண்ட சங்கிலியாக வரைந்தார். ஆங்கில நாட்டு ஹேவொர்த் 1926-ல், அது பெரும்பாலும் வளைந்து ஆறு முனை வளையமாகவே இருக்கிறது என்று காட்டினார். 1937-ல் நோபெல் பரிசு பெற்றார். நீரில் கரைந்த குளூக்கோஸில் திறந்த சங்கிலியாக நிற்பது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் அச்சிறு பங்கின் வினையே பெரிது. ஃபிஷரின் திரவத்தோடு கூடியது அந்தத் திறந்த முனைதான். நீரிழிவுக்காரரின் இரத்தத்தில் சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்வதும் அதுவே. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால், அவ்வாறு ஒட்டிய அளவைக் கொண்டு மூன்று மாதச் சர்க்கரை நிலையை இன்று மருத்துவமனையில் சொல்லிவிடுகின்றனர். முதல்நாள் மட்டும் பத்தியம் இருந்து மருத்துவரை ஏமாற்ற நினைப்போர் இதை மனத்தில் கொள்வது நன்று.

மாவும் நாரும்

இனி, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வரலாம். குளூக்கோஸ் வளையங்கள் ஒன்றோடொன்று கைகோத்து நீள்வதால் மாவும் நாரும் உண்டாகின்றன. மாவில் அந்தக் கை ஃபிஷர் கண்ட முதல் திசையில் கோக்கப்பட்டுள்ளது. அதனால் சங்கிலி வளைந்து சுருளாகிறது. கிழங்கு மாவில் அயோடின் விட்டால் நீலநிறம் தோன்றுவது அச்சுருளுக்குள் அயோடின் புகுந்துகொள்வதால்தான். மாவில் சுருளான இழையுடன் மரக்கிளை போல் கிளைத்த இழையும் கலந்திருக்கும். மலாய்க்காரர் பலகாரத்துக்கு எடுக்கும் புலுட் அரிசியில் ஏறக்குறைய யாவும் கிளை இழையே; ஆதலால்தான் அது சோறாகாமல் பசையாகிறது. அயோடினும் அதில் நீலமாகாமல் செம்பழுப்பாகிறது.

செல்லுலோஸில் கை இரண்டாவது திசையில் கோக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு வளையமும் முந்தியதற்குத் தலைகீழாகத் திரும்பி நிற்கிறது. இந்த ஒரு வேற்றுமையால் சங்கிலி சுருளாமல் நேரே நீள்கிறது. பக்கத்துச் சங்கிலிகளோடு நெருங்கிக் கட்டுண்டு கயிறாகிறது. வானளாவிய மரத்தைத் தாங்குவது அக்கயிறே. நம் உமிழ்நீரிலும் குடலிலும் உள்ள நொதி முதல் திசைப் பூட்டுக்கு உரிய சாவி. இரண்டாவது பூட்டை அது திறக்காது. விறகு உணவாகாத காரணம் இவ்வளவே. பசுவுக்கும் சொந்தச் சாவி இல்லை. அதன் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் திறந்து கொடுக்கின்றன. கரையான்கள் பலவற்றின் கதையும் அதுவே. நாம் உண்ணும் கீரையின் நார் குளூக்கோஸாக மாறாமல் குடலைக் கடந்து செல்கிறது. மலச்சிக்கலைப் போக்கும் நன்மையை மட்டும் செய்துவிட்டுப் போகிறது.

விலங்குக்கும் ஒரு மாவு உண்டு என்று கண்டவர் பிரான்சின் கிளாட் பெர்னார். 1855-ல் அவர் ஒரு விலங்கின் ஈரலை எடுத்து, அதில் சர்க்கரை அறவே இல்லாது போகும்வரை நீர் பாய்ச்சிக் கழுவினார். மறுநாள் அதே ஈரலைச் சோதித்தால் மீண்டும் சர்க்கரை! இரத்தம் இல்லை, உணவு இல்லை, சர்க்கரை எங்கிருந்து வந்தது? ஈரல் தன்னுள் சேமித்த ஏதோ ஒன்றிலிருந்து ஆக்கியிருக்க வேண்டும். அந்தச் சேமிப்பை 1857-ல் பிரித்தெடுத்துக் கிளைக்கோஜன் என்றார். வளர்ந்த மனிதரின் ஈரலில் ஏறத்தாழ 100 கிராமும், தசைகளில் ஏறத்தாழ 400 கிராமும் இது உண்டு. இரத்தத்தில் எந்நேரமும் ஓடும் குளூக்கோஸோ ஒரு தேக்கரண்டி அளவே. மூளை மட்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 கிராம் கேட்கிறது. விடியுமுன் வெறும் வயிற்றோடு மரம் சீவச் சென்ற தொழிலாளி மயங்கி விழாமல் நின்றது, இரவெல்லாம் ஈரல் சிறுகச் சிறுக அளந்து கொடுத்ததனால். அதே ஈரலின் கையிருப்பு ஒரு நாளைக்குமேல் தாங்காது. காலை உணவில்லாமல் பள்ளிக்கு வரும் பிள்ளை கணக்கில் தவறினால், பிரம்பை எடுக்குமுன் இதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

சர்க்கரையின் வேலை எரிபொருளோடு முடிவதில்லை. பரம்பரைக் குணங்களைச் சுமக்கும் நீண்ட இழையின் முதுகெலும்பில் ஐந்து கரிச் சர்க்கரை ஒன்று இடம்பெறுகிறது. ஏ இரத்தம், பி இரத்தம் என்னும் பிரிவும் சிவப்பணுவின் மேல் நீட்டியிருக்கும் சிறு சர்க்கரைச் சங்கிலியின் நுனியில் எந்தச் சர்க்கரை உள்ளது என்பதைப் பொறுத்ததே. நுனியில் காலக்டோஸ் இருந்தால் பி. அதனோடு சிறிதே வேறுபட்ட மற்றொன்று இருந்தால் ஏ. இரண்டும் இல்லையானால் ஓ. இந்த நுனி வேற்றுமையைக் கவனியாது இரத்தம் ஏற்றினால் உயிருக்கே கேடு வரும்.

வலமா, இடமா?

ஃபிஷருக்கு 1902-ல் நோபெல் பரிசு கிடைத்தது. அதற்குள் அவர் கொடுத்த விலையும் பெரிது. பாகின் திரையை விலக்கிய அந்தத் திரவம் நஞ்சுடையது. அதன் ஆவியைச் சுவாசித்தும் கையால் தொட்டும் பல ஆண்டுகள் பழகியதால் தோலில் கொப்புளமும் குடலில் ஓயாத கோளாறும் அவரைப் பற்றின. அந்நாளைய ஆய்வுச்சாலைகளில் காற்றோட்டத்தைப் பற்றி எவரும் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. மணமாகி ஏழாண்டில், 1895-ல், மனைவியை இழந்தார். 1914-ல் மூண்ட போர்க்காலத்தில் மூன்று புதல்வர்களில் இருவரைப் பறிகொடுத்தார். புற்றுநோயும் சேர்ந்துகொள்ள, 1919 ஜூலை 15 அன்று பெர்லினில் காலமானார். எஞ்சிய மகன் ஹெர்மன் தந்தையின் வழியே நின்று சர்க்கரை இரசாயனத்தில் பெயர் பெற்றார்.

ஒரு கேள்வியை மட்டும் ஃபிஷர் விடை காணாமலே விட்டுச் சென்றார். அவருடைய தருக்கம் பதினாறில் பதினான்கை விலக்கிற்று. எஞ்சிய இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பங்கள். வலக்கையா, இடக்கையா என்று தீர்மானிக்க அக்காலத்தில் எந்த வழியும் இல்லை. ஏதேனும் ஒன்றை வரைந்துதான் ஆகவேண்டும் என்பதால், அவர் ஒரு பக்கத்தைத் தேர்ந்து வரைந்து, அதையே எல்லாச் சர்க்கரைகளுக்கும் அடிப்படையாக வைத்தார். அது ஊகம் என்பதை அவரும் அறிவார், மற்றவரும் அறிவர். அறுபது ஆண்டுகள் பாடப் புத்தகங்கள் யாவும் அந்த ஊகத்தின் மேலேயே நின்றன.

1951-ல் பைஃபூட் என்னும் டச்சுப் பேராசிரியரும் அவருடைய துணைவர்களும், புளிப்பு அமிலமான டார்ட்டாரிக் அமிலத்தின் உப்புப் பளிங்கு ஒன்றில் எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, அணுக்கள் எப்பக்கம் நிற்கின்றன என்பதை முதன்முதலாக நேரே கண்டறிந்தனர். அவ்வமிலத்துக்கும் சர்க்கரைகளுக்கும் உள்ள உறவு முன்னரே தெரிந்திருந்ததால், ஒன்றின் விடை எல்லாவற்றுக்கும் விடையாயிற்று. ஃபிஷர் வரைந்த பக்கமே சரியான பக்கம். அந்தச் சோதனை நடந்த இடம், கால்நடைப் பள்ளிக்காரர் என்று ஒருகாலத்தில் ஏளனம் செய்யப்பட்டவர் பணியாற்றிய அதே ஊட்ரெக்ட் நகரம். ஆய்வுச்சாலையின் பெயர் வான்ட் ஹாஃப் ஆய்வுச்சாலை.